நூற்றிருபது ஓம்

கோலகெட்டில் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
மூன்றாவது கடைவீடு.
இரவெல்லாம் மழை.
ஆலையில் செம்பனைக் குலை வேகும் வாடை
ஈரச் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தெய்வானை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.
நேரே ஒரு கேக்கைக் காட்டினாள்.
ஓரம் வெந்திருந்தது. நடுவில் சேறு.
குச்சியைக் குத்தினால்
மாவு ஒட்டிக்கொண்டு வந்தது.
"நூத்தியெண்பதுதான் வச்சேன்.
நூத்தியெண்பதுன்னுதான் காட்டுறான்.
அவன் பொய் சொல்றான் தங்கச்சி."
அவனை அவன் என்றுதான் சொல்கிறாள்,
பேச்சுவார்த்தை நின்றுபோன புருஷனைச் சொல்வதுபோல.

மூன்று மாதம்.
பதினோரு ஆர்டர் திரும்பி வந்திருக்கிறது.
முட்டைக்காரனை மாற்றினாள்.
வெண்ணெயை விட்டு மார்ஜரினுக்குப் போய்
மறுபடி வெண்ணெய்க்கே வந்தாள்.
யாரோ சொன்னார்கள் என்று
அடுப்பைக் கிழக்குப் பார்த்துத் திருப்பினாள்.
கதவைத் திறந்து திறந்து பார்த்ததுதான் காரணமென்று
வேலைக்கு இருந்த பெண்ணை நிறுத்தினாள்.
இணையத்தில் இரண்டு சென்சார் வாங்கி
ஒன்றன்பின் ஒன்றாக மாட்டியும் பார்த்தாள்,
எழுபத்தெட்டு வெள்ளி.

நான் சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில்
ஒன்பது வருடம்
பலகை பலகையாய்ச் சோதித்துக் கழித்தவள்.
யார் சொல்வதையும் முதலில் நம்பமாட்டேன்,
அடுப்பையும், அடுப்புக்காரியையும்.
பிளக்கைப் பிடுங்கினேன்.
பின்தகட்டின் எட்டுத் திருகாணி.
எட்டாவது துருப்பிடித்து அடம்பிடித்தது.

பென்சில் கனத்தில் ஒரு எஃகுக் குச்சி,
உள்ளே நீட்டிக்கொண்டு.
சூடு ஏற ஏற அதன் தடை ஏறும்,
டிகிரிக்கு நாலு ஓம், கொஞ்சம் குறைய.
அதற்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான்.
மீட்டரின் இரண்டு முனையையும் வைத்தேன்.
"ஆயிரத்து நூற்றுப் பதினேழு ஓம்."
ஓம் என்றதும்
தெய்வானை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.
பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்,
அவள் முதலில் நிறுத்தினாள்.

முப்பது டிகிரி அறைக்கு
சரியான எண் அது.
சென்சாரில் குற்றமில்லை என்றேன்.
"அப்ப என் கையா?"

பதில் சொல்லாமல்
மேலே ஏறினேன், கம்பி போய்ச் சேரும் பலகைக்கு.
அங்கிருந்து அளந்தேன்.
ஆயிரத்து இருநூற்று முப்பத்தெட்டு.
கம்பியை லேசாக ஆட்டினேன்.
இருநூற்று அறுபது. இருநூற்றுப் பத்து.
எண் நிற்க மறுத்தது.

விரலாலேயே தடவிக்கொண்டு இறங்கினேன்.
தரைக்கு ஒரு சாண் மேலே,
மழைநீர் கசியும் மூலையில்,
வெள்ளைப் பிளாஸ்டிக் இணைப்பு ஒன்று.
பிரித்தால்
பித்தளை முழுக்கப் பச்சை பூத்து
நாலைந்து செத்த எறும்பு.

குச்சி சரியாகத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறது.
வழியில் நூற்றிருபது சேர்ந்துகொண்டு
நூற்றைம்பது டிகிரி போய்ச் சேரும்போது
நூற்றெண்பது ஆகிவிடும்.
பலகையும் போதும் என்று
சூட்டை நிறுத்திவிடும்.
இரண்டு புதுச் சென்சாரும்
இதே மூலை வழியாகத்தான் பேசியிருக்கின்றன.

வெட்டினேன். உரித்தேன்.
பீங்கான் இணைப்பில் புதிதாய் முறுக்கி
மூலையை விட்டுத் தள்ளி, உயரத்தில் கட்டினேன்.
சாமான் நாலு வெள்ளிகூட இல்லை.
மேலே அளந்தால் ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு.
அந்த ஒன்று கம்பியின் உரிமை.

தனி வெப்பமானி ஒன்றைத் தட்டில் தொங்கவிட்டோம்.
ரிலே 'டக்' என்றது.
நூற்று எழுபத்து நாலு. எண்பத்து மூன்று.
எழுபத்தொன்பதில் நின்றது.

மிச்சமிருந்த மாவை ஊற்றினாள்.
நாற்பது நிமிடம் கதவைத் தொடவில்லை.
வெந்ததும் குச்சியைக் குத்தினாள்.
சுத்தமாய் வந்தது.
இன்னொரு இடம். இன்னொரு இடம்.
ஆறு ஓட்டை போட்ட பிறகு
"அப்ப அந்தப் புள்ள கதவைத் தொறந்தது..."
என்று ஆரம்பித்தாள்.

நான் மீட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

ஆணியில் இன்னும் அந்த ஏப்ரன் தொங்கியது,
பையின்மேல் நீல நூலில் இந்துஜா.
கைப்பேசியை எடுத்தாள்,
பெயர்வரைக்கும் போனாள்.
வெளியே குலை லோரி ஒன்று கடந்ததில்
அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

என் பக்கம் திரும்பி
"எவ்வளவு?" என்றாள்.
ஐம்பது என்றேன்.
ஒவ்வொரு தாளாய் எண்ணி வைத்தாள்.
கைப்பேசி மாவுப் பலகைமேல்
வெளிச்சம் அணையாமல் கிடந்தது.